பதற்றமா, பசியா? விளையாட்டு உளவியல் இனி எந்தப் பக்கம்

கேள்வி: 3 நவம்பர் 2025, காலை 7.15

என் மகள் உளவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அக்டோபர் 30 அன்று மகளிர் கிரிக்கெட் உலகக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 127 ஓட்டங்கள் எடுத்த ஜெமிமா ரோட்ரிக்ஸ், இந்தத் தொடர் முழுவதும் பதற்றத்தால் அழுதுகொண்டிருந்ததை ஒளிக்காமல் சொன்னார் அல்லவா, அதைக் கேட்டதிலிருந்து விளையாட்டு உளவியல்தான் தன் துறை என்று பிடிவாதமாக இருக்கிறாள். என் தம்பியோ, பத்து ஆண்டுகளில் அந்த வேலையைக் கைப்பேசிச் செயலியே பார்த்துக்கொள்ளும், பெண்ணை வீணாக அலையவிடாதே என்கிறான். இந்தத் துறை எந்தப் பக்கம் போகிறது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

3 நவம்பர், இரவு 9.40

நான் விவரம் தெரிந்தவன் அல்ல, ஓரமாக நின்று பார்த்தவன். இருபத்தேழு ஆண்டுகளாக அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். கபடி, வாலிபால் அணிகளைக் குறுவட்டப் போட்டியிலிருந்து மாநிலப் போட்டி வரை அழைத்துப் போயிருக்கிறேன். இடையில் பகுதி நேரமாக எம்.பில். படித்தபோது விளையாட்டு உளவியலில் ஒரு சிறிய ஆய்வும் செய்தேன். அதில் பட்ட அடி இன்னும் ஆறவில்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

உங்கள் மகளுக்கு வேலை உண்டு. ஆனால் அவர் தொலைக்காட்சியில் பார்த்த இடத்தில் அந்த வேலை அதிகம் இல்லை. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று, 18 வயதில் குகேஷ் உலகச் சதுரங்க வாகை சூடியபோது அவருக்கு மனப்பயிற்சி அளித்தவர் பேடி அப்டன். 2011இல் கிரிக்கெட் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியோடு இருந்தவரும் அவரே. 2023 முதல் இந்திய ஆடவர் ஹாக்கி அணியோடு பணியாற்றியவரும் அவரே. மூன்று விளையாட்டுகளில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருவது அவருடைய திறமைக்குச் சான்று. அந்த உச்சியில் எத்தனை நாற்காலிகள் கிடக்கின்றன என்பதற்கும் அதுவே சான்று.

துறையின் முழுப் பெயர் விளையாட்டு மற்றும் உடற்பயிற்சி உளவியல். பெயரின் முன்பாதி மேடையேறி மாலை வாங்கிக்கொள்கிறது, பின்பாதியோ பந்தலுக்கு வெளியே நிற்கிறது. 1898இல் நார்மன் டிரிப்லெட் சைக்கிள் வீரர்களை வைத்துச் செய்த ஆய்வோடு பிறந்த துறை இது; 127 ஆண்டுகள் ஆகின்றன (ஜெமிமாவின் ஓட்டக் கணக்கும் அதுவே என்பது தற்செயல்). இவ்வளவு காலமும் அது வெற்றி பெற்றவனின் மனத்தைத்தான் துருவிக்கொண்டிருந்தது. உச்ச வீரர்களுக்கான உளவியல் என்பது பெரும்பாலும் அலங்காரம் என்பதே என் கருத்து. இனி அது நகர வேண்டியது பள்ளிக்கூடத்துக்கும், சர்க்கரை நோய்க்காக நடக்கச் சொல்லப்பட்டவர்களின் தெருவுக்கும்தான்.

3 நவம்பர், இரவு 11.05

தம்பிக்குப் பதில் சொல்ல மறந்துவிட்டேன். நான்கு எண்ணி மூச்சை இழு, ஆறு எண்ணி விடு என்று சொல்லவும், நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று கேட்கவும், நாளைய ஆட்டத்தை மனத்துக்குள் ஒருமுறை ஓட்டிப் பார் என்று நினைவூட்டவும் செயலியே போதும். என்னைவிடப் பொறுமையாகவும் சொல்லும். மூன்றாம் முறை கேட்டால் நான் விசிலை எடுத்துவிடுவேன். எனவே அந்தப் பங்கு வேலை போய்விடும் என்பதில் தம்பியோடு எனக்குச் சண்டை இல்லை. செயலி கேட்கும் கேள்விகள் யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பதில்தான் சிக்கல். அதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும், நாளை சொல்கிறேன்.

4 நவம்பர், இரவு 10.20

போட்டிக்கு முன் வரும் பதற்றத்தை அளக்க ரெய்னர் மார்ட்டென்ஸ் 1977இல் வெளியிட்ட ஒரு வினாப்பட்டியல் உண்டு. பதினைந்தே வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் அரிதாக, சில நேரம், அடிக்கடி என்று மூன்று விடைகளில் ஒன்றைக் குறிக்க வேண்டும். பத்து வாக்கியங்களுக்கு மட்டுமே மதிப்பெண். மற்ற ஐந்தும் என்ன அளக்கிறோம் என்று பிள்ளைகள் ஊகித்துவிடாமல் இருப்பதற்காகக் கலந்து வைத்தவை. கூட்டினால் 10க்கும் 30க்கும் இடையில் ஓர் எண் கிடைக்கும். எளிமையாக இருந்ததால் எம்.பில். மாணவர்களுக்கு அது வரப்பிரசாதம். நானும் அதைத்தான் எடுத்தேன். பள்ளி அணிகளில் இருந்த 62 பேரிடம் தமிழில் எழுதிக் கொடுத்து நிரப்பி வாங்கினேன்.

மொழிபெயர்ப்பிலேயே முதல் அடி விழுந்தது. போட்டிக்கு முன் வயிற்றில் ஒருவிதச் சங்கடம் தோன்றுகிறது என்பது அதில் ஒரு வாக்கியம். 'குமட்டல்' என்று எழுதினால் ஆஸ்பத்திரி வாடை அடித்தது. 'வயிற்றைக் கலக்குகிறது' என்று எழுதினேன். நம் பேச்சில் அது பயத்துக்கும் ஆகும், வயிற்றுப்போக்குக்கும் ஆகும் என்பது எனக்குத் தெரியும். பிள்ளைகள் சரியாகப் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன். 'பதற்றம்' என்ற சொல்லுக்கு ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்ட கேள்விக்கு இன்றுவரை என்னிடம் விடை இல்லை: "சார், பதட்டம்னா பயமா, இல்ல எப்படா கூப்பிடுவாங்கன்னு இருக்கறதா?"

பெண்கள் கபடி அணியில் ஒரு ரெய்டர் இருந்தாள். பெயர் வேண்டாம். 30க்கு 28 வந்தது. அன்று அவள் பாடிப் போன ரெய்டுகளில் பாதி, போனஸ் கோட்டைக்கூடத் தொடாமல் திரும்பிய வெறும் ரெய்டுகள். உயர் பதற்றம், தாழ்ந்த ஆட்டம், கோட்பாடு சொல்வதும் அதுவே என்று நான் மகிழ்ந்துபோனேன். மாலையில் பேருந்து நிலையத்தில் அவளே பேச்சுவாக்கில் சொன்னாள். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, முதல் பேருந்தைப் பிடித்து, மைதானத்துக்கு வந்து சேர்ந்து, பதினொரு மணிக்கு முதல் ஆட்டம் முடியும்வரை அவள் வயிற்றில் ஒன்றும் விழவில்லை. சாப்பாட்டுப் பொட்டலம் ஆட்டத்துக்குப் பிறகு என்பது நாங்கள் வைத்திருந்த ஏற்பாடு. மறுநாள் ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பாக, மைதான வாசலில் இருந்த தள்ளுவண்டியில் எல்லோருக்கும் நான்கு நான்கு இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டு, அவளிடம் மட்டும் அந்தத் தாளை மீண்டும் நீட்டினேன். வயிற்றைக் கலக்குகிறது என்ற இடத்தில் 'அரிதாக' என்று குறித்தாள்.

ஒரே ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு இட்லிக் கோட்பாடு எழுத நான் தயாரில்லை. இரண்டாம் நாள் அவளுக்கு மைதானமும் பழகியிருந்தது, தாளும் பழகியிருந்தது. ஆனால் அந்த எண் அவள் மனத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பதில் எனக்கு ஐயமில்லை.

2010இல் ஹென்ரிக், ஹைன், நோரென்சயான் என்ற மூவர் எழுதிய கட்டுரை ஒன்று பிறகு கைக்கு வந்தது. மனிதமனம் இப்படித்தான் என்று உளவியல் சொல்வதில் பெரும்பகுதி, மேற்கத்திய, படித்த, தொழில்வளமும் செல்வமும் உள்ள மக்களாட்சி நாட்டுக்காரர்களை, அதிலும் பெரும்பாலும் கல்லூரி மாணவர்களை வைத்துச் சொல்லப்பட்டது என்பதே அதன் வாதம். என் ரெய்டருக்கு அந்தக் கட்டுரை தேவைப்பட்டிருக்காது; எனக்குத்தான் தேவைப்பட்டது.

5 நவம்பர், மாலை 6.30

கீழே ஒருவர் நேராகவே கேட்டிருக்கிறார்: அந்த 28ஐ ஆய்வேட்டில் என்ன செய்தீர்கள்? அப்படியே போட்டேன். வழிகாட்டியிடம் சொன்னேன், வினாப்பட்டியல் தரப்படுத்தப்பட்டது, அதில் கைவைக்காதே என்றார். பசி என்பதற்கு அட்டவணையில் ஒரு கட்டம் இல்லை. பட்டமும் கிடைத்துவிட்டது. இதைச் சொல்வதில் எனக்குப் பெருமை ஏதும் இல்லை.

எனக்கு ஆறுதல் தந்தவர் துப்பாக்கி சுடும் வீரர் அபினவ் பிந்த்ரா. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இறுதிச்சுற்றுக்கு வந்து ஏழாம் இடத்துக்குச் சரிந்தார். பெரிய மேடையில் கை நடுங்கிவிட்டது என்றுதான் எல்லோரும் பேசியிருப்போம். அவர் நின்ற இடத்தில் தரையின் ஓடு சரியாகப் பதியாமல் ஆடிக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் மூச்சு விடுவதே ஆட்டம். கீழே ஓடு ஆடினால் மனத்திடம் என்ன செய்யும்? நான்கு ஆண்டுகள் கழித்து பெய்ஜிங்கில் அவர் இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வென்றார். மனத்தைத் திறந்து பார்ப்பதற்கு முன் தரையைப் பார்க்க வேண்டும் என்பதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அவர் அதற்காகச் சொல்லவில்லைதான்.

7 நவம்பர், இரவு 9.10

முதல் குறிப்பில் ஒரு பிழை, யாரும் சுட்டிக்காட்டவில்லை. 1898 டிரிப்லெட் ஆய்வோடு துறை பிறந்தது என்று பாடநூல் வாசகத்தை அப்படியே ஒப்பித்துவிட்டேன். சைக்கிள் பந்தயப் பதிவுகளைப் பார்த்து, தனியாக ஓட்டுவதைவிடப் போட்டியாளரோடு ஓட்டும்போது வேகம் கூடுகிறது என்று கண்டவர் அவர். பிறகு 40 சிறுவர் சிறுமியரைத் தூண்டில் நூல் சுற்றும் கருவியைத் தனியாகவும் இன்னொரு பிள்ளையோடு சேர்ந்தும் சுற்றவைத்துப் பார்த்தார். இதுவரை சரி. ஆனால் 2005இல் மைக்கேல் ஸ்ட்ரூப் அந்தப் பழைய எண்களை இன்றைய புள்ளியியல் முறையில் மீண்டும் கணக்கிட்டபோது, வேறுபாடு மிகச் சிறியது என்றும், நிறுவப்பட்டதாகச் சொல்லுமளவுக்கு இல்லை என்றும் தெரிந்தது. அடிக்கல்லே கொஞ்சம் ஆடுகிற ஓடுதான்.

பிறர் பார்க்கும்போது ஆட்டம் மாறுவது பொய் என்று இதற்குப் பொருளல்ல. எங்கே மாறுகிறது என்பதில்தான் நமக்குத் தெளிவு இல்லை. 2020இல் பெருந்தொற்றால் ஐரோப்பியக் கால்பந்து மைதானங்கள் ஆளில்லாமல் கிடந்தபோது, எந்த ஆய்வுக்கூடமும் செய்திருக்க முடியாத சோதனை ஒன்று தானாக நடந்தது. சொந்த மைதான அணிக்கு இருந்த அனுகூலம் குறைந்தது. வெளியூர் அணிக்கு நடுவர் காட்டும் மஞ்சள் அட்டைகளும் குறைந்தன. கூட்டத்தின் கூச்சல் வீரனின் நெஞ்சைத் தொட்டதா, நடுவரின் கையைத் தொட்டதா? ஊர்த் திருவிழாக் கபடியில் நடுவராக நின்றவன் என்ற முறையில் இரண்டாவதற்கு நான் சாட்சி சொல்வேன். உள்ளூர் அணி பிடியில் தோற்கும்போது விசிலை ஊத ஒரு நொடி கூடுதலாகத்தான் ஆகிறது.

வரலாற்றுக்கு வந்த பிறகு கோல்மன் கிரிஃபித்தைச் சொல்லாமல் விட முடியாது. 1925இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் அமெரிக்காவின் முதல் விளையாட்டு ஆய்வுக்கூடங்களில் ஒன்றை நிறுவினார். பணமில்லாமல் 1932இல் அது மூடப்பட்டது. 1938இல் சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணியின் முதலாளி அவரை வரவழைத்தார். மேலாளர் சார்லி கிரிம் ஒத்துழைக்கவில்லை. இந்த மனிதர் அளவுகோலோடும் படக்கருவியோடும் சுற்றுவதை அவரால் சகிக்க முடியவில்லை. முதலாளிக்கு வேண்டும், பயிற்றுநருக்கு வேண்டாம், வீரனை யாரும் கேட்கவில்லை. எண்பத்தேழு ஆண்டுகள் கடந்தும் இந்த முக்கோணம் கலையவில்லை. என் பள்ளிக்கு ஒரு முறை கல்லூரி மாணவி ஒருவர் வினாப்பட்டியலோடு வந்தபோது, பயிற்சி நேரம் கெடுகிறது என்று விரட்டிய சார்லி கிரிம் நானேதான். அது என் எம்.பில்லுக்கு முன்பு.

8 நவம்பர், இரவு 10.45

பழைய பாடக்குறிப்புகளைப் புரட்டும்போது இன்னொன்று உறுத்தியது. மனவலிமை என்பது ஒரு தொட்டித் தண்ணீர் போல, ஒன்றுக்குச் செலவழித்தால் அடுத்ததற்குக் குறையும் என்று பயிற்சி முகாம்களில் பல ஆண்டுகள் சொல்லியிருக்கிறேன். அதன் மூலம் 1998இல் பௌமைஸ்டர் குழுவினர் செய்த சோதனை. எதிரில் சாக்லேட் பிஸ்கட் மணக்க, அதைத் தொடாமல் முள்ளங்கியை மட்டும் தின்றவர்கள், தீர்க்கவே முடியாத புதிரை முன்னதாகவே கைவிட்டார்கள். கேட்டவுடன் நம்பத் தோன்றும் கதை. முள்ளங்கி என்றதும் பிள்ளைகளும் நம்பினார்கள்.

உடற்பயிற்சி உளவியலில் நன்கு அறியப்பட்ட மார்ட்டின் ஹேகர், 2010இல் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி, இந்த விளைவு உண்டு என்று சகாக்களோடு எழுதினார். அதே ஹேகர் 2016இல் 23 ஆய்வுக்கூடங்களை ஒன்றுசேர்த்து, 2,141 பேரைக் கொண்டு, செய்முறையை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டுச் சோதித்தபோது விளைவு ஏறத்தாழ சுழியம். தான் எழுதியதைத் தானே உரைகல்லில் தேய்த்துப் பார்த்து, மின்னவில்லை என்று ஊரறியச் சொன்ன மனிதர். எதிர்காலம் எது என்று என்னைக் கேட்டால், இந்தக் குணம்தான் என்பேன். இதற்கு ஒரு வருடம் முன்பு, நூறு உளவியல் ஆய்வுகளைப் பலர் சேர்ந்து மறுபடி செய்தபோது முப்பத்தாறு விழுக்காடுதான் மறுபடியும் அதே முடிவைத் தந்தன. நம் துறைக்கு இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. உச்ச வீரர்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆகவே பன்னிரண்டு பேரை வைத்து ஆய்வு, இருபது பேரை வைத்து ஆய்வு. பன்னிரண்டு பேரை வைத்து என்ன வேண்டுமானாலும் நிரூபிக்கலாம். எங்கள் பள்ளி வாலிபால் அணியை வைத்து, நீல பனியன் போட்டால் வெல்வோம் என்று ஒருவன் இரண்டு ஆண்டுகள் நிரூபித்தான்.

அப்படியானால் தேர்வு வாரத்தில் பிள்ளைகள் மைதானத்தில் சோர்ந்து நின்றதை என் கண்ணால் பார்த்தது என்ன? பார்த்தது பொய்யில்லை. தொட்டித் தண்ணீர் என்ற விளக்கம்தான் நிற்கவில்லை. இரவு ஒரு மணி வரை படித்தவர்கள், தூக்கம் போதவில்லை என்று எளிமையாகச் சொல்லியிருக்கலாம். எளிமையாகச் சொன்னால் முகாமில் யாரும் குறிப்பு எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று அப்போது தோன்றியது போலும்.

9 நவம்பர், ஞாயிறு, காலை 8.20

பந்தலுக்கு வெளியே நிற்கும் பின்பாதியைப் பற்றி இன்னும் எழுதவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் தந்த பரிந்துரை, வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்பது. 2024இல் அது வெளியிட்ட கணக்கின்படி, உலகில் 31 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 180 கோடிப் பேர், 2022இல் அந்த அளவை எட்டவில்லை; இந்தியாவில் ஏறக்குறையப் பாதிப் பேர் எட்டவில்லை. நடந்தால் நல்லது என்று தெரியாமலா இந்தப் பாதிப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்? மருத்துவர் சொல்லிவிட்டார், மகன் சொல்லிவிட்டான், பக்கத்து வீட்டுக்காரரும் சொல்லிவிட்டார். 2023 நவம்பரில் தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 38 மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதைகளை ஒதுக்கித் தொடங்கி வைத்தது. பாதை வந்துவிட்டது. முதல் நாள் புதுச் செருப்போடு வந்தவர் நாற்பதாம் நாள் வருகிறாரா, வரவில்லை என்றால் எந்த நாளில் நின்றார், அன்று அவருக்கு என்ன தோன்றியது என்பதெல்லாம் பொறியாளரின் கேள்விகள் அல்ல, உங்கள் மகளின் கேள்விகள்.

பான்டெலெய்மோன் எக்கெக்காக்கிஸ் என்ற ஆய்வாளர் நெடுங்காலமாக ஒன்றைச் சொல்லிவருகிறார். உடற்பயிற்சி முடிந்த பிறகு எப்படி இருந்தது என்று கேட்டால் எல்லோரும் நன்றாக இருந்தது என்பார்கள். செய்துகொண்டிருக்கும்போதே கேட்க வேண்டும். மூச்சு வாங்கத் தொடங்கும் எல்லையைத் தாண்டியதும் பெரும்பாலோருக்கு அந்த அனுபவம் கசக்க ஆரம்பிக்கிறது, அந்தக் கசப்பு அடுத்த நாள் வருகையைப் பாதிக்கிறது. பக்கத்தில் வருபவரோடு மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் இருக்கிறதே, அது அந்த எல்லைக்குள் அடங்கிய வேகம். எங்கள் ஊர் ஏரிக்கரையில் காலையில் பேசிக்கொண்டே நடக்கும் பெண்களைப் பார்த்து, இது நடையா, வம்பளப்பா என்று நான் கேலி செய்ததுண்டு. எனக்குத் தெரிந்து அந்தக் கூட்டம் பதினோரு ஆண்டுகளாக நடக்கிறது. கைக்கடிகாரத்தில் இதயத்துடிப்பு பார்த்துக்கொண்டு தனியாக ஓடிய என் சகாக்கள் மூவரும் நின்றுவிட்டார்கள்.

இதில் என் கணக்கில் எழுத வேண்டிய குற்றம் ஒன்று உண்டு. வீட்டுப்பாடம் எழுதாதவன், பிந்தி வந்தவன், வரிசையில் பேசியவன் எல்லோருக்கும் நான் கொடுத்த தண்டனை, 'கிரவுண்டை நாலு சுத்து ஓடு'. மற்ற ஆசிரியர்களும் தண்டனை கொடுக்க என்னிடமே அனுப்புவார்கள். ஓட்டம் என்றால் அவமானம் என்று ஆண்டுக்கு முந்நூறு பிள்ளைகளுக்கு இருபது ஆண்டுகள் கற்பித்துவிட்டு, நாற்பது வயதில் அவர்கள் ஏன் நடக்க வரவில்லை என்று கேட்கிறேன். போன வருடம் கடைவீதியில் பழைய மாணவன் ஒருவன், தொப்பையைத் தடவிக்கொண்டே, "சார், நீங்க ஓடவிட்ட ஓட்டமே இந்த ஜென்மத்துக்குப் போதும்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

9 நவம்பர், இரவு 9.55

உச்ச வீரர்களுக்கான உளவியல் அலங்காரம் என்று முதல் குறிப்பில் எழுதியதற்கு மூன்று பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி, அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் அணி இறுதிப்போட்டியிலிருந்து விலகியபோது, காற்றில் சுழலும் உடல் எங்கே இருக்கிறது என்ற உணர்வே அவருக்கு அறுந்துபோயிருந்தது. அந்த நிலையில் குதித்தால் கழுத்து முறியும். அங்கே மனம் என்பது உயிர். பிந்த்ராவும் தங்கம் வென்ற பிறகு வந்த வெறுமையையும் மனச்சோர்வையும் வெளிப்படையாகப் பேசியவர். குகேஷிடம் தோற்ற டிங் லிரெனும் அப்படியே. சர்வதேச ஒலிம்பிக் குழு 2019இல் உச்ச வீரர்களின் மனநலம் குறித்து ஒருமித்த அறிக்கை வெளியிட்டது. கேள்வியே மாறிக்கொண்டிருக்கிறது என்பதை நான் கவனிக்கத் தவறினேன்: 'இவனை எப்படி ஜெயிக்க வைப்பது' என்று கேட்டவர்கள், 'இவன் நன்றாக இருக்கிறானா' என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஜெமிமா பேசியதும் உங்கள் மகள் கேட்டதும் இந்த மாற்றத்துக்குள் வருபவை.

நாற்காலிக் கணக்கை மட்டும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

12 நவம்பர், இரவு 10.30

கேள்வி கேட்டவர் தனிச்செய்தியில், படித்து முடித்தால் பலகை மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார். பொதுவிலேயே சொல்கிறேன். பிரிட்டனில் விளையாட்டு மற்றும் உடற்பயிற்சி உளவியலாளர் என்ற பட்டப்பெயர் சட்டப் பாதுகாப்பு உடையது, பதிவு செய்யாதவர் அதைப் போட்டுக்கொள்ள முடியாது. நம் நாட்டில் மருத்துவ உளவியலாளருக்கு இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு வேண்டும். விளையாட்டு உளவியலாளருக்கென்று அப்படித் தனிப் பதிவு இல்லை. ஆகவே வார இறுதி வகுப்பு ஒன்றை முடித்துவிட்டு 'மைண்ட் கோச்' என்று அட்டை அடித்தவரும், ஆறு ஆண்டுகள் படித்தவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். நெருப்பில் நடக்கவைத்துப் பயத்தைப் போக்குகிறேன் என்று ஒருவர் எங்கள் மாவட்ட முகாமுக்கே வந்தார். இரண்டு பிள்ளைகளுக்குக் காலில் கொப்புளம்; பயம் போனதா என்று யாரும் அளக்கவில்லை.

பதிவு முறையைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, உளவியலாளர் யாருடைய ஆள் என்பது. சம்பளம் தருவது சங்கம்; மனத்தைத் திறப்பது வீராங்கனை; தேர்வுக்குழுவில் உட்கார்ந்திருப்பது பயிற்றுநர். 'அவளுக்குத் தூக்கம் வரவில்லை' என்று கோப்பில் எழுதப்பட்ட ஒரு வரி, அடுத்த தேர்வில் அவள் பெயரை அடிக்கப் போதும். கைக்கடிகாரமும் செயலியும் வந்தபின் இந்த வரி தினமும் தானாக எழுதப்படுகிறது. 2022இல் பிரிட்டிஷ் ஜிம்னாஸ்டிக்ஸ் பற்றி ஆன் ஒயிட் அளித்த அறிக்கை, பல ஆண்டுகளாகப் பிள்ளைகள் உடலாலும் மனத்தாலும் துன்புறுத்தப்பட்டதைப் பதிவு செய்தது. அப்படிப்பட்ட இடங்களில் உளவியலாளரை அழைத்து, இந்தப் பெண்ணுக்கு மனத்திடம் போதவில்லை, கூட்டிக் கொடுங்கள் என்றால் அவர் என்ன செய்ய வேண்டும்? உங்கள் மகள் வேலைக்குச் சேரும் முதல் நாளில், நான் எழுதும் அறிக்கையை யார் படிப்பார்கள் என்று கேட்கட்டும். தெளிவான பதில் வராத இடம் எவ்வளவு பெரிய இடமானாலும் வேண்டாம்.

இன்னொன்று, இது வேண்டுகோள். மார்ட்டென்ஸின் பதினைந்து வாக்கியங்களை உங்கள் மகளே ஒருமுறை தமிழாக்கிப் பார்க்கட்டும். பிறகு, பிள்ளைகள் ஆட்டத்துக்கு முன் தங்கள் உடம்பைப் பற்றித் தாங்களே என்ன சொல்கிறார்கள் என்று ஒரு மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளட்டும். 'கை கால் உதறுது', 'திக்திக்னு இருக்கு', 'அடிவயிறு ஜில்லுனு ஆயிடுச்சு', 'காது அடைச்சுக்கிச்சு'. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்தால் ஓர் ஆய்வேட்டுக்கு வேண்டியது அங்கேயே இருக்கும். வரும்போது பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்றும் கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.

16 நவம்பர், ஞாயிறு, மாலை 5.15

இவ்வளவு எழுதிய பிறகு சும்மா இருக்க முடியவில்லை. பரணிலிருந்து பழைய தாள்கட்டை இறக்கினேன். கரையான் அட்டையோடு நிறுத்திக்கொண்டிருக்கிறது. அந்த ரெய்டரின் இரண்டு தாள்களும் இருந்தன. முதல் நாள் மதிப்பெண் 28 அல்ல, 27. ஓர் இடத்தில் நான் கூட்டியது தப்பு.

62 என்று நான் எழுதியதும் தப்பு. ஆய்வேட்டில் கணக்கில் சேர்ந்தது 58 தாள்கள்தான். மீதி நான்கையும் தனியாக ரப்பர் பேண்டு போட்டு, மேலே 'முழுமையற்றவை, நீக்கப்பட்டன' என்று என் கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பிரித்துப் பார்த்தேன். பெயர், வகுப்பு, அணி எல்லாம் ஒழுங்காக நிரப்பியிருக்கிறார்கள். 'போட்டிக்கு முன் நான்' என்று தொடங்கும் வாக்கியங்களை மட்டும் நான்கு பேருமே விட்டிருக்கிறார்கள். பெயர்களைப் பார்த்ததும் முகங்கள் நினைவுக்கு வந்தன. நான்கு பேரும் மாற்று ஆட்டக்காரர்கள். அந்த ஆண்டு முழுவதும் பனியன் போட்டுக்கொண்டு, தண்ணீர் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்கள். நான் ஒரு நாளும் அவர்களை உள்ளே இறக்கவில்லை.

ஒரு தாளின் ஓரத்தில் பென்சிலால் சிறியதாக எழுதியிருக்கிறது: "இது எனக்கு இல்ல சார்."